ஹாஸ்டல் பேச்சை வைத்து எம்.ஏ. ஆய்வேடு: சமூகமொழியியலில் இது நிற்குமா?

பொருநைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். பி.ஏ. தமிழ் முடிச்சுட்டு மொழியியல் எம்.ஏ. சேர்ந்தேன், இப்போ ரெண்டாம் வருஷம். டெசர்டேஷன் தலைப்பு கொடுக்க வேண்டிய நேரம். சமூகமொழியியல்தான்னு, அதாவது யார் யார்கிட்ட எப்படிப் பேசுறாங்கன்னு பார்க்கிற பிரிவுன்னு, முடிவு பண்ணிட்டேன், அதுல குழப்பம் இல்லை. தலைப்புலதான் தகராறு.

எங்க ரூம்ல நாலு பேர். நான் ஸ்ரீவைகுண்டம் பக்கம். மத்தவங்க கோபி, திருமங்கலம், வியாசர்பாடி. சேர்ந்த புதுசுல நானும் திருமங்கலத்துக்காரியும் "சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்"னு சொல்லுவோம், கோபிக்காரி "சாப்பிட்டுட்டு இருக்கேன்", வியாசர்பாடி "சாப்டுனு இருக்கேன்". இப்போ கவனிச்சா பாதி நேரம் எல்லாருமே "சாப்பிட்டுட்டு"தான். ஆனா வீட்டுக்கு போன் போட்டா அவளவ அவளவ ஊருக்குப் போயிடுறா. இதை ஆய்வேடா பண்ணலாமான்னு கேட்டேன்.

கைடு சொன்னது: சாதி, வயசு, படிப்பு மூணையும் வச்சு ஒரு வினாநிரல் போடு, 60 பேர்கிட்ட சொற்பட்டியல் வாங்கு, அட்டவணை போடு, முடிஞ்சது. சீனியர் அக்கா ஒருத்தங்க, "ரூம்மேட் பேசுறதெல்லாம் ஆய்வா, வைவாவுல (வாய்மொழித் தேர்வு) கிழிச்சிருவாங்க"ன்னு சொல்லிட்டாங்க. இது நிற்குமா? நிற்கும்னா என்ன படிக்கணும்? அப்புறம் வீட்டுல கேக்குற கேள்வி: இதைப் படிச்சா என்ன வேலை?

கோபிசெட்டி:
கோபிக்காரங்க மாறலீங்க, நீங்கெல்லாம் எங்க பக்கம் வந்துட்டீங்க. ஆய்வு முடிவு ரெடி 😄

சிதம்பரத்தான்:
நல்ல கேள்வி அம்மா. நான் எண்பதுகளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தவன். கொஞ்சம் பழங்கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

உன் கைடு சொல்வது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அவர்மேல் கோபம் வராது. 1959இல் ஃபெர்குசன் என்ற அமெரிக்க மொழியியலாளர் இரட்டை வழக்கு (ஒரே மொழியில் எழுத்துக்கு ஒரு வடிவம், பேச்சுக்கு வேறு வடிவம்) பற்றிய கட்டுரையை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட நான்கு: அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைட்டியின் கிரியோல். தமிழ் அந்த நாலில் இல்லை. அடுத்த வருடமே அவரும் கம்பர்ஸ் என்ற இன்னொரு மொழியியலாளரும் தொகுத்த தெற்காசிய மொழிகள் பற்றிய கட்டுரைத் தொகுதியில் மு. சண்முகம் பிள்ளை தமிழின் எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு பற்றி எழுதிவிட்டார். இதில் ஒரு வேடிக்கை. கிரீஸில் 1976இல் மக்கள் பேச்சை ஒட்டிய வடிவமே அரசு வடிவமாயிற்று, ஃபெர்குசனின் நாலு உதாரணங்களில் ஒன்று அப்படிக் கழன்றுகொண்டது. தமிழ் இன்னும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் காலத்தில் துறையில் ஒரு பெரிய தொழிற்சாலையே நடந்தது. ஒரு வட்டாரம், ஒரு சமூகம், பேசிக் காட்ட ஒரு தகவலாளி. ஒலியன் (ஒலி அலகு), உருபன் (சொல்லின் பொருள் அலகு), தொடரமைப்பு என்று மூன்று இயல். ஆய்வேடு தயார். கிண்டலாகச் சொல்லவில்லை. இன்றைக்கு ஒரு வட்டாரத்தில் 1970இல் எப்படிப் பேசினார்கள் என்று தேடினால் அந்த ஏடுகள்தான் கைகொடுக்கும். ஆங்கிலேயர் காலத்தில் கிரியர்சன் நடத்திய இந்திய மொழிகள் கணக்கெடுப்பு சென்னை மாகாணத்தைத் தொடவே இல்லை என்பது நினைவிருக்கட்டும். அந்தப் பள்ளத்தை மண்போட்டு நிரப்பியவர்கள் இந்த மாணவர்கள்தான்.

ஆனால் அந்த ஏடுகளில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார், எதிரே ஒரு மாணவர், நடுவில் ஒரு டேப் ரிக்கார்டர். "மரத்துக்கு என்ன சொல்வீங்க?" "மரம்." உன் தலைப்பில் நாலு பேர் ஒரே அறையில் பேசிக்கொள்கிறார்கள். அதனாலேயே எனக்குப் பிடித்திருக்கிறது.

கரிசல்காடு:
ஐயா சொல்றது சரி, ஆனா ஒண்ணை மெதுவா தாண்டிப் போறாரு. அந்த ஏடுகள்ல "இந்தச் சாதியினர் தமிழ்"னு தலைப்பு இருக்குமே, அந்த ஒரே ஆளை வச்சு ஒரு சாதிக்கே இலக்கணம் எழுதுறது எப்படி நியாயம்? ஒரு தெருவுல நாலு வீட்டுல நாலு மாதிரி பேசுவான். படிச்ச அண்ணன் ஒரு மாதிரி, ஆடு மேய்க்கிற தம்பி ஒரு மாதிரி.

எங்க ஊர்ல ஒரு பல்கலைக்கழகத்துல இருந்து வந்து இப்படிக் கேட்டுட்டுப் போனாங்க. முதல் கேள்வியே "நீங்க என்ன ஆளுங்க?" அதுக்கப்புறம் எங்க பெரியப்பா வாயில இருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் அந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்தான். வீட்டுல "கஞ்சி குடிச்சியா"ன்னு கேக்குற மனுஷன், அன்னிக்கு "உணவு அருந்தினீர்களா"ன்னு சொன்னாரு. நாங்க பின்னால நின்னு சிரிச்சோம். அந்த அம்மா அதையும் எழுதிக்கிட்டாங்க.

சிதம்பரத்தான்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாதியை விட்டுவிட்டும் இந்த மண்ணில் மொழியைப் பேச முடியாது. மொழியியலாளர்கள் பிரைட்டும் ஏ.கே. ராமானுஜனும் 1964இல் எழுதியதைப் படித்துப் பார். தமிழ், கன்னடம், துளு மூன்றையும் வைத்து பிராமணர், பிராமணரல்லாதார் பேச்சை ஒப்பிட்டார்கள். மேல்தட்டு மாறுகிறது, கீழ்த்தட்டு பின்பற்றுகிறது என்ற பழைய எண்ணம் அங்கே அடிபட்டுப் போயிற்று. இரண்டு பக்கமும் தத்தம் வழியில் மாறியிருக்கின்றன. வெளிச்சொற்களை எடுத்துக்கொள்வது போன்ற தெரிந்தே செய்யும் மாற்றம் பிராமணர் பேச்சில் அதிகம். தெரியாமல் நடக்கும் ஒலி மாற்றம், எழுத்துமரபு வலுவாக உள்ள தமிழிலும் கன்னடத்திலும் அவர்கள் பேச்சில் குறைவு. துளுவில் எழுத்துக்கல்வி பரவலாக இல்லை, அங்கே இரு தரப்புமே அப்படி மாறியிருக்கிறார்கள். எழுத்து ஒரு பிரேக் மாதிரி வேலை செய்திருக்கிறது என்பது அவர்கள் ஊகம். சாதிக் கட்டத்தை நிரப்பிவிட்டு எழுந்து போகாமல், ஏன் என்று கேட்டார்கள். அதுதான் வித்தியாசம்.

புலவர்_நெடுஞ்செவி:
இதற்கெல்லாம் வெளிநாட்டார் பெயரை அடுக்க வேண்டுமா? நன்னூலார் தகுதி வழக்கில் குழூஉக்குறியை, அதாவது ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல்லைச் சொன்னார். பொற்கொல்லர் பொன்னைப் "பறி" என்பர், யானைப்பாகர் ஆடையைக் "காரை" என்பர் என்று உரைகாரர்கள் உதாரணமும் காட்டினார்கள். தொல்காப்பியப் பாயிரமே "வழக்கும் செய்யுளும்" என்ற இரண்டையும் அடிப்படையாகச் சொல்கிறது. நம்மிடம் இல்லாததா? இரண்டாவது, "சாப்டுனு" என்பதையெல்லாம் ஆய்வு என்ற பெயரில் ஏற்றிவைத்தால் நாளை பிள்ளைகள் தேர்வுத்தாளிலும் அதைத்தான் எழுதுவார்கள்.

அல்லியரசி:
புலவர் ஐயா, குழூஉக்குறி விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். வகுப்பில் முதல் பாடமாகவே அதை வைக்கலாம். பொற்கொல்லர் தங்களுக்குள் ஒரு சொல்லைப் புழங்குகிறார்கள் என்று இலக்கணத்தில் இடம் கொடுத்தது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்தப் பொற்கொல்லர் வாடிக்கையாளர் எதிரே இருக்கும்போது மட்டும் "பறி" என்பாரா, தன் மகனிடமும் சொல்வாரா, கடைக்கு வரும் வேறு ஊர்க் கொல்லனிடம் எப்போது சொல்லத் தொடங்குவார்? நன்னூல் அங்கே நிற்கிறது. அந்த இடத்தில் இந்தப் படிப்பு தொடங்குகிறது.

தேர்வுத்தாள் பயம் வேண்டாம். வியாசர்பாடிப் பெண் தேர்வில் "உண்டுகொண்டிருக்கிறேன்" என்றே எழுதுவாள். எங்கே எது என்பது அவளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். மொழியியலாளர் டெல் ஹைம்ஸ் இதைத் தகவல்தொடர்புத் திறன் என்றார். இலக்கணம் தெரிந்தால் மட்டும் போதாது, எதை யாரிடம் எப்போது சொல்லலாம் என்பதும் மொழி அறிவுதான்.

இப்போது பொருநைக்காரிக்கு. நான் முனைவர் பட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன், தமிழ்நாட்டுக்கு வெளியே. உன் தலைப்பு நிற்கும். உன் கைடு சொன்ன முறையில் செய்தால்தான் விழும். காரணம் சொல்கிறேன்.

லபாவ் என்ற அமெரிக்க மொழியியலாளர் நியூயார்க்கில் என்ன செய்தார் என்று உன் சிலபஸில் வந்திருக்கும். மூன்று பெரிய பல்பொருள் அங்காடிகள்: பணக்காரர் போகும் சாக்ஸ், நடுத்தர மேசிஸ், மலிவான க்ளைன். நாலாவது மாடியில் இருக்கும் ஒரு பொருளைக் கேட்பார், ஊழியர் "ஃபோர்த் ஃப்ளோர்" (நாலாவது மாடி) என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அங்கே மதிப்பான பேச்சின் அடையாளமான 'ர்' ஒலி அதில் வருகிறதா என்று பார்ப்பார். காது கேளாத மாதிரி மறுபடி கேட்பார், இரண்டாம் தடவை அழுத்திச் சொல்வார்கள். 264 பேர். ஒருவருக்கும் ஆய்வு என்று தெரியாது. சாக்ஸில் 62%, மேசிஸில் 51%, க்ளைனில் 20% பேர் அந்த 'ர்'-ஐக் கொஞ்சமாவது சொன்னார்கள்.

இதையே அவர் வீட்டு நேர்காணலிலும் செய்தார். அங்கே ஒரு ஏணி வைத்தார்: சாதாரணப் பேச்சு, கவனமான பேச்சு, ஒரு பத்தியை வாசிப்பது, சொற்பட்டியல் வாசிப்பது. மேலே ஏற ஏறத் தன் பேச்சின்மேல் ஆளுக்குக் கவனம் கூடும், 'ர்' கூடும். அழகான முறை. நம் துறைகளில் இந்த ஏணியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து தமிழில் சாத்துகிறார்கள். சுவரே இல்லாத இடத்தில் ஏணி நிற்குமா? தமிழில் பத்தியைக் கையில் கொடுத்த அடுத்த நொடி ஆள் வேறு இலக்கணத்துக்குப் போய்விடுவார். "வந்துக்கிட்டு இருக்கேன்" என்று பேசுபவர் தாளில் "வந்துகொண்டிருக்கிறேன்" என்று இருப்பதைத்தான் வாசிப்பார், வேறு வழியே இல்லை. கவனம் கூடியதா குறைந்ததா என்று அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. கரிசல்காடு சொன்ன பெரியப்பா கதையும் இதுதான். ஆராய்ச்சியாளர் முகத்தைப் பார்த்ததும் அவர் "உணவு அருந்தினீர்களா"வுக்கு ஏறிவிட்டார். சொற்பட்டியல் கேட்டால் 60 பேரும் உனக்குப் பாடப்புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள்.

பொருநைக்காரி:
அக்கா, இது எனக்கு யாரும் சொல்லல. அப்போ அளக்கவே முடியாதா? வெறும் கதை மாதிரி எழுதினா கைடு ஒத்துக்க மாட்டாரு.

அல்லியரசி:
தாராளமாக அளக்கலாம். நீயே ஒரு நல்ல மாறியைப் பிடித்து வைத்திருக்கிறாய். எழுத்தில் ஒரே "கொண்டு". பேச்சில் பார்: கிட்டு, ட்டு, கினு அல்லது னு, பிராமணர் பேச்சில் ண்டு, யாழ்ப்பாணத்தில் கொண்டு. எல்லாம் ஒரே வேலையைச் செய்கின்றன, வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று காட்டுகின்றன. பொருள் மாறாமல் வடிவம் மட்டும் மாறுவது கிடைத்தால் அது சமூகமொழியியல்காரனுக்குப் புதையல்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். "சாப்பிட்டுட்டு இருக்கேன்" வேறு, "சாப்பிட்டுட்டு வரேன்" வேறு. இரண்டாவதில் வருவது "விட்டு". உருவம் ஒன்று, ஆள் வேறு. "இரு" பின்னால் வருவதை மட்டும் எண்ணு. "இரு" வந்தாலும் சில இடத்தில் சந்தேகம் வரும். "எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டு இருக்கேன், நீ கிளம்பு" என்றால் வைத்து முடித்துவிட்டாளா, இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறாளா? அதைத் தனிக் குவியலாக ஒதுக்கு. வைவாவில் முதலில் அங்கேதான் கை வைப்பார்கள்.

இன்னொன்று: ஸ்ரீவைகுண்டத்தில் எல்லாரும் "கிட்டு"தான் என்று நீ நினைக்கிறாய். ஊரில் இருக்கும் உன் சித்தி மகளின் பேச்சைப் பதிவுசெய்து பார்த்துவிட்டுச் சொல். அங்கேயே "ட்டு" கலந்திருக்கலாம். அப்படி இருந்தால் ஹாஸ்டல் உன்னை மாற்றியது என்ற வாதம் பாதி போச்சு.

கோபிசெட்டி:
நாஞ் சொன்னனுங்களே, அவிய ஏற்கனவே எங்க பக்கந்தான்.

வல்லிபுரத்தான்:
வணக்கம் தங்கச்சி. எங்கட பக்கத்துக் கதையையும் கொஞ்சம் கேளும். "கேளும்" எண்டு எழுதினதைக் கவனிச்சிருப்பீர். யாழ்ப்பாணத்தில நீ, நீர், நீங்கள் எண்டு மூண்டு படி இருக்கு. உங்கட பக்கத்தில "நீர்" இப்ப பெரும்பாலும் மேடை நாடகத்திலதான். எங்களுக்கு அது வீட்டுப் பேச்சு, சமவயதுக்காரர், கொஞ்சம் இளையவை, புருஷன் பெண்சாதி. ஆர் ஆருக்கு "நீர்" சொல்லலாம், ஆருக்குச் சொன்னால் அடி விழும் எண்டதுக்குள்ள ஊரின்ர முழு அடுக்கும் கிடக்கு.

பேராசிரியர் சுசீந்திரராஜா இதைத்தான் எழுதினவர். அவரும் அண்ணாமலையில படிச்சவர்தான், அறுபதுகளில யாழ்ப்பாணத் தமிழை ஆய்வு செய்தவர். பிறகு யாழ்ப்பாணச் சமூகத்தில சாதியும் மொழியும் எண்டு எழுதேக்க, அழைக்கிற முறையும் மரியாதை வடிவங்களும் எப்பிடிச் சாதியோட கட்டுப்பட்டுக் கிடந்தது, எங்க தளரத் தொடங்கினது எண்டு காட்டினவர். கரிசல்காட்டுத் தம்பி சொல்லுற கோபம் நியாயம். ஆனால் சாதியைக் கேக்காமல் "நீர்" எப்பிடி வேலை செய்யுது எண்டு ஆராலயும் விளக்க ஏலாது. ஆரை, எப்ப, என்னெண்டு கேக்கிறது எண்டதுதான் பிரச்சினை.

இன்னொண்டு. நான் இப்ப மொன்றியலில. சோனியா தாஸ் எண்ட மானுடவியலாளர் இங்கத்தைத் தமிழரைப் பற்றி ஆய்வு செய்தவ. இந்தியாவில இருந்து வந்த தமிழர் தங்கட தமிழைப் பேச்சுத் தமிழ் எண்டினம், இலங்கையில இருந்து வந்தவை தங்கடது எழுத்துத் தமிழ் எண்டினம். நான் வீட்டில "வாறன், போறன், உதென்ன" எண்டு கதைச்சுப்போட்டு, தமிழ்ப் பள்ளிக்கூடக் கூட்டத்தில எழும்பி எங்கட தமிழ்தான் சுத்தம் எண்டு சொல்லுவன். ரெண்டும் நான்தான். ஆக்கள் தங்கட மொழியைப் பற்றிச் சொல்லுறதும் ஒரு தரவு. அவை கதைக்கிறது வேற தரவு. ரெண்டையும் ஒரே பெட்டிக்குள்ள போடாதையும்.

சிதம்பரத்தான்:
மட்டக்களப்பை விட்டுவிட்டீர்களே. பேச்சு வழக்குகளிலேயே எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது மட்டக்களப்புத் தமிழ் என்றார் செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில்.

வல்லிபுரத்தான்:
யாழ்ப்பாணத்தானுக்கு அதைச் சொன்னால் இழை பத்துப் பக்கம் போகும் ஐயா. விடுங்கோ.

நிரல்மொழி:
வேலை பற்றி யாரும் பேசலையே, நான் சொல்றேன். பேச்சை எழுத்தாக்குற மென்பொருள் வேலையில இருக்கேன். எங்களுக்குக் கிடைக்கிற தமிழ் ஒலித்தரவு பெரும்பாலும் யாரோ தாளைப் பார்த்து வாசிச்சது. அல்லியரசி சொன்ன அதே சிக்கல். வாசிச்ச தமிழை வச்சுப் பழக்கின மென்பொருள், "இட்டுனு வா"ன்னு (கூட்டிட்டு வா) ஒருத்தர் சொன்னா கைவிரிச்சுடும். இதை எப்படித் திரட்டணும், எப்படி எழுதணும்னு தெரிஞ்ச ஆள் தேவை. பொறியியல் படிச்ச எங்களுக்கு அது தெரியாது. "சாப்டுனு", "சாப்ட்டுனு", "சாப்பிட்டுனு" மூணையும் ஒரே கோப்புல மூணு பேர் மூணு விதமா எழுதி வச்சிருப்பாங்க.

ஆனா வீட்டுல பெருசா சொல்லிடாதீங்க. நிரந்தர வேலைன்னா நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதி ஆசிரியர் பணிதான், இடம் குறைவு. மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்துத் திட்டப்பணிகள் ஒப்பந்தம். அகராதி, மொழிபெயர்ப்பு, ஒலித்தரவு நிறுவனங்கள் இருக்கு. ஒலியை அலசுற பிராட், பதிவோட எழுத்தை ஒட்டி வைக்கிற ஈலான், ரெண்டு மென்பொருளும் இலவசம், இப்பவே கத்துக்கோங்க. ஒரு மணி நேரப் பதிவை ஒழுங்கா எழுத ஒரு முழு நாள் போயிடும், இப்பவே தெரிஞ்சுக்கிட்டா நல்லது.

பொருநைக்காரி:
எங்கம்மாகிட்ட "கம்ப்யூட்டர் கம்பெனில தேவைப்படுதாம்"னு மட்டும் சொல்லிக்கிறேன் அண்ணா, மீதியை மறைச்சுடுறேன்.

கரிசல்காடு:
வல்லிபுரத்தார் அண்ணன் சொன்னதை ஏத்துக்கிடுதேன். எனக்கு எரிச்சல் சாதிங்கிற சொல்லு மேல இல்ல. சாதியை ஒரு கட்டமா போட்டு டிக் அடிச்சா பேச்சு விளங்கிடும்னு நினைக்காங்கல்ல, அதுமேலதான்.

அப்புறம், மொழியை அதன் மண்ணோட படிக்கிறதுக்குப் பல்கலைக்கழகத்துல படிச்சிருக்கணும்னு கூட இல்ல. எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) மேல்நிலைப் பள்ளிக்கே போகாத மனுஷன், கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி போட்டாரு, புதுவைப் பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியர் நாற்காலி கொடுத்துச்சு.

அல்லியரசி:
கி.ரா. சரி. ஆனால் அவர் சொல்லைச் சேர்த்தார். பொருநைக்காரி செய்ய நினைப்பது, ஒரு சொல் ஒரு பெண்ணின் வாயில் எப்போது வருகிறது, எப்போது ஒளிந்துகொள்கிறது என்று பார்ப்பது. அதற்கு வேறு பழக்கம் வேண்டும்.

என்ன படிப்பது என்று கேட்டாய். ஒன்றே ஒன்று படிக்க நேரம் இருந்தால் கம்பர்ஸ் 1958இல் எழுதியதைப் படி. உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூர் மாவட்டம், கலாபூர் என்று அவர் குறிப்பிடும் ஊர். தீண்டாமைக்கு ஆளான சாதிகளின் பேச்சு ஊர்ப்பேச்சிலிருந்து சில ஒலிகளில் விலகி நின்றது. ஆனால் அவர்கள் நாள் முழுக்க மற்றவர் வீட்டிலும் வயலிலும் வேலை செய்பவர்கள், காதில் அந்தப் பேச்சு விழுந்துகொண்டேதான் இருக்கும். அப்படியானால் ஏன் ஒட்டவில்லை? வேலைக்காகப் பேசும் பேச்சு கணக்கில் வரவில்லை. யார் யாரோடு சும்மா உட்கார்ந்து பேசுகிறார்கள், குழந்தைகள் யாரோடு விளையாடுகிறார்கள் என்பதுதான் பேச்சைப் பிரித்தது. ஒரு கட்டுரை, சில பக்கம். சாதி அதில் இருக்கிறது, ஆனால் கட்டத்தில் இல்லை, திண்ணையில் இருக்கிறது.

உன் ஹாஸ்டலுக்கு இதைக் கொண்டுவா. ஒரே அறையில் படுப்பதால் பேச்சு ஒட்டாது. மெஸ்ஸில் யார் யாரோடு தட்டை வைக்கிறார்கள் என்று பார். விடுமுறைக்கு யார் யாரை ஊருக்குக் கூட்டிப்போகிறார்கள், யார் கூப்பிடப்படவே இல்லை என்று பார். கேள்வித்தாளில் சாதி கேட்டால் வராத விவரம் அங்கே தானாக வரும். வந்தபின் அதை எப்படி எழுதுவது என்பது தனிப் பொறுப்பு, பெயரையும் ஊரையும் மாற்றினால் மட்டும் போதாது. நாலு பேர் இருக்கும் அறையில் யார் யார் என்று ஹாஸ்டல் முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே உன் அறையோடு நிறுத்தாதே, மூன்று நாலு அறைகளை எடு.

இரண்டாவது, லபாவின் மார்த்தாஸ் வின்யார்டு கட்டுரை, 1963. அந்தத் தீவில் உயிரொலிகளைப் பழைய தீவுக்காரர் மாதிரி உச்சரித்தவர்கள் யார் என்று பார்த்தால், தீவிலேயே இருந்துவிட நினைத்தவர்கள். வெளியே போக நினைத்தவர்களிடம் அது குறைவு. ஊருக்குத் திரும்பிப் போவேன் என்று சொல்லும் பெண்ணும், சென்னையில் வேலை தேடப்போகும் பெண்ணும் "கிட்டு"வை ஒரே அளவில் விடுவார்களா என்று கேட்டுப் பார். இது நல்ல கருதுகோள், கைடும் மறுக்க மாட்டார்.

மூன்றாவது, நகாசிஸ் என்ற மானுடவியலாளர் சென்னையிலும் மதுரையிலும் கல்லூரிப் பையன்களோடு பழகி எழுதியது. ஆங்கிலம் கலந்தால் கெத்து, ஆனால் கொஞ்சம் கூடிவிட்டால் "பீட்டர் விடுறான்". அந்தக் கோடு எங்கே போடப்படுகிறது, யார் போடுகிறார்கள் என்பதுதான் அவர் கேள்வி. எண்ணிக்கை அதிகம் இருக்காது. சமூகமொழியியல் பெரும்பாலும் எண்ணும், மொழி மானுடவியல் பெரும்பாலும் உட்கார்ந்து கவனிக்கும். எம்.ஏ. ஆய்வேட்டில் பாதி எண்ணு, பாதி உட்கார். வைவாவில் எந்தப் பக்கத்து ஆள் வந்தாலும் தப்பிக்கலாம்.

சிதம்பரத்தான்:
மொழியியலாளர் ஷிஃப்மனையும் சேர்த்துக்கொள். எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு பொதுப் பேச்சுத் தமிழ், கல்லூரி, சினிமா என்று பல ஊர்க்காரர் கலக்கும் இடங்களில் உருவாகிவிட்டது என்பது அவர் வாதம். 1998இல் கட்டுரையாகவே எழுதினார். அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறதா, இருந்தால் ஹாஸ்டல் அறையில் "ட்டு" வெல்வது அதனாலா, இல்லை கோபிக்காரிக்கு வாய் அதிகம் என்பதாலா?

கோபிசெட்டி:
ரெண்டாவதுதானுங்க.

புலவர்_நெடுஞ்செவி:
என் கேள்விக்கு அல்லியரசி அம்மையார் சொன்ன விடை எனக்கு நிறைவில்லை என்றாலும், பொற்கொல்லர் உதாரணத்தை முன்னுரையில் சேர்த்தால் நன்றாக இருக்கும். நன்னூலுக்கு மயிலைநாதர் எழுதிய உரையைப் பார்க்கவும்.

பொருநைக்காரி:
கண்டிப்பா ஐயா. லைப்ரரியில பார்க்கிறேன்.

இன்னிக்குக் கைடைப் பார்த்துட்டு வந்தேன். 60 பேர் வேணும்ங்கிறதை விட்டுட்டாரு, 16 பேர், நாலு அறை. சொற்பட்டியல் வேண்டாம்னு சொன்னதுக்குக் கொஞ்சம் முறைச்சாரு. வாசிப்புப் பத்தி விஷயத்தை அக்கா சொன்ன மாதிரியே சொன்னேன். "அப்போ அதையே முறையியல்ல ரெண்டு பக்கம் எழுது"ன்னுட்டாரு. சாதிக் கட்டம் மட்டும் இருக்கணுமாம், துறை வடிவமைப்புல இருக்காம். யார் யாரோடு சாப்பிடுறாங்கங்கிறதைக் களக்குறிப்பா தனியா எழுத ஒத்துக்கிட்டாரு.

கடைசியா ஒரு சந்தேகம். மெஸ், அறை, வராந்தா மூணு இடத்துலயும் பதிவு பண்ணலாம், எல்லாரும் கையெழுத்துப் போட்டுத் தர்றாங்க. ஆனா எனக்கு ரொம்ப முக்கியம் வீட்டுக்குப் பேசுற போன். இந்தப் பக்கம் இருக்கிறவளோட குரல் மட்டும் பதிவானா போதுமா? எதிர்ப்பக்கம் அம்மாவோட அனுமதி வேணுமா? கேட்டா அம்மா மாறிப் பேசிட மாட்டாங்களா?

அல்லியரசி:
இந்தப் பக்கக் குரல் மட்டும் போதும். போனை ஸ்பீக்கரில் போடவே கூடாது, மைக் அவள் சட்டையில் இருக்கட்டும். ஆனாலும் அம்மாவிடம் சொல்லிவிடு. மகள் சொல்லும் பதிலில் இருந்தே அம்மா என்ன கேட்டார் என்று பாதி தெரிந்துவிடும், வீட்டுக் கடனும் மாப்பிள்ளைப் பேச்சும் உன் கோப்பில் வந்து உட்காரும். அப்படிப்பட்ட இடங்களை எழுத்தாக்காமல் விடுவதற்கு அவளுக்கே உரிமை கொடு. கேட்டுவிட்டு எதை வெட்டலாம் என்று அவள் சொல்லட்டும்.

மாறிப் பேசுவார்கள்தான். முதல் சில அழைப்புகளில் மகள்களும் கொஞ்சம் நாடகம் போடுவார்கள். பிறகு மின்சாரக் கட்டணமோ தம்பியின் மார்க்கோ வந்ததும் மைக் மறந்துபோகும். நாடகம் போட்ட அழைப்புகளைத் தூக்கி எறியாதே. "ஊர்ப்பேச்சு" என்று அவர்கள் எதை நினைத்து நடிக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். தேதி போட்டுத் தனிக் கோப்பில் வை. ஊரில் இருக்கும் சித்தி மகளின் பதிவை மறந்துவிடாதே, பொங்கலுக்குப் போகும்போது எடுத்துவிடு.

கோபிசெட்டி:
கோபிக்காரி பேச்சு வேணும்னா சொல்லுங்க, எங்கம்மா பேசறதை ரிக்கார்டு பண்ணித் தரனுங். கையெழுத்தும் வாங்கித் தரேன். ஒரு கண்டிசன், புக்குல "கொங்கு முந்திக்கிச்சு"ன்னு ஒரு வரி வரோணும்.